மேற்படி தெட்சிணாமூர்த்தியின் மகள்

ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் போடுவது உலகத்தில் யாருக்கும் வரும். பதில் போடாமல் இருப்பதற்குத்தான் படிப்பு வேண்டும், பயிற்சி வேண்டும், பிறவியிலேயே வாய்த்த பொறுமை வேண்டும். இந்த மூன்றும் ஒருசேர அமைந்த பெருமகன் காரைக்கால் மாவட்டத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் தெட்சிணாமூர்த்தி.

பூர்வீகம் விழிதியூர். அங்கே கொஞ்சம் நஞ்சை உண்டு. குடியிருப்பது காரைக்கால் டவுனில். வேலை, ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதினால் அது விளம்பரமாகிவிடும். விளம்பரத்துக்கு முன் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு மனுப் போட்டால் அதுவும் அவர் மேசைக்கே வரும். ஆகவே விட்டுவிடுவோம். அவர் கட்டிக்காக்கும் பிரிவின் பெயரை மட்டும் சொல்லலாம்: 'சான்று நுண்ணாய்வுப் பிரிவு'. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று ஜனங்கள் கேட்கிற காகிதமெல்லாம் இவர் பேனாவைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்.

இத்தனை வருஷ சர்வீஸில் அவர் ஒருவரிடம்கூட 'முடியாது' என்று சொன்னதில்லை. அடுத்தவர் மனம் நோகும்படி பேச அவருக்கு வராது. 'முடியும்' என்றும் சொன்னதில்லை. அது அவசரக்காரர்களின் பேச்சு. "பரிசீலனையில இருக்குங்க" என்பார். அந்தக் குரலில் இருக்கும் மரியாதைக்காகவே பலர் திரும்பத் திரும்ப வந்தார்கள். கருக்களாச்சேரியிலிருந்து காசியம்மா என்றொரு பெண், மகளின் பள்ளிக்கூட உதவித்தொகைக்குச் சான்று கேட்டு வர ஆரம்பித்தவள், சமீபத்தில் அந்த மகளின் கல்யாணத்துக்கு இவருக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனாள். அரசுக்கும் மக்களுக்கும் இடையே இப்படியொரு நெருக்கத்தை உண்டாக்கிய அதிகாரி வேறு யார்?

இந்தப் பெருமகனுக்கு ஒரே மகள், எழில்மதி. வேளாண்மை படித்து முடித்தவள். விழிதியூர் வயலின் கிழக்கு மூலையில் சில வருஷங்களாகப் பயிர் பிடிக்கவில்லை. கோடையில் அங்கே மண்மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் 'உப்பு ஏறிப்போச்சு' என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்து போய்விட்டார்கள். எழில்மதி மட்டும் அங்கேயே நின்றாள். அந்த உப்பு ஏன் வருகிறது, எப்படிப் போகும் என்பதையே மேற்படிப்பாகப் படிக்க வேண்டும் என்று நினைத்தாள். உவர்நிலம் பற்றிப் பாடம் நடத்தும் நான்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் தை மாதம், வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயத்தில், விண்ணப்பம் அனுப்பினாள்.

அன்றிலிருந்து வீடே காத்திருக்க ஆரம்பித்தது. எழில்மதி போனோடு எழுந்தாள், போனோடு சாப்பிட்டாள். மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டால் ஓடினாள். அது துணிக்கடைத் தள்ளுபடியாக இருந்தது. விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அந்தப் பல்கலைக்கழகங்களின் பக்கங்களைத் திறந்து திறந்து பார்த்தாள். நான்கிலும் ஒரே வாசகம்: 'உங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்படுகிறது.'

ஒருநாள் தெட்சிணாமூர்த்தி மகளின் தோளுக்குப் பின்னால் நின்று அந்த வாசகத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். கடல் தாண்டி, பாஷை தாண்டி, தன் தொழிலைச் செய்யும் சகோதரர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"கவலைப்படாத எழிலு. பெரிய ஆபீசா இருக்கு. கை தேர்ந்தவங்க கையிலதான் உன் ஃபைலு இருக்கு" என்றார்.

அம்மா தையல்நாயகி சனிக்கிழமை தோறும் திருநள்ளாறு போய் எள் தீபம் போட்டாள். சனீஸ்வரனோ மெல்ல நடக்கிற சாமி. ஒரு ராசியைக் கடக்கவே இரண்டரை வருஷம் எடுத்துக்கொள்பவர். அவரிடம் போய் 'சீக்கிரம் நடக்கணும்' என்று கேட்பது சரியா என்று அவள் யோசிக்கவில்லை. தெட்சிணாமூர்த்தியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இந்த மாதிரி வேண்டுதல் பழக்கம்தான்.

பக்கத்து வீட்டு ஓகுஸ்தேனும் இந்தக் காத்திருப்பில் சேர்ந்துகொண்டார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்; ஊர் வழக்கில் 'சொல்தா'. பிரெஞ்சுப் பிரஜை. மாசாமாசம் பிரான்ஸிலிருந்து பென்ஷன் வரும். அதற்குப் பதிலாக வருஷாவருஷம், தாம் உயிரோடு இருப்பதாக ஒரு சான்று அனுப்ப வேண்டும். ஒரு வருஷம் தபால் தாமதமாகிவிட்டது. "ரெண்டு மாசம் நான் செத்துப்போயிருந்தேன் எழிலு. அப்புறம் காயிதம் போய்ச் சேர்ந்துச்சு, பொழச்சுக்கிட்டேன். உனக்கும் வரும்" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

வந்தது. மாசியில் முதல் பல்கலைக்கழகம், இடமில்லை என்று மரியாதையாக எழுதியது. எழில்மதி அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சில நாள் கழித்து இரண்டாவதும் அதையே எழுதியது. தெட்சிணாமூர்த்தி இந்த இரண்டையும் பதில் என்றே ஏற்றுக்கொள்ளவில்லை. இவ்வளவு சீக்கிரம் மறுக்கிறார்கள் என்றால் அங்கே ஆள் பற்றாக்குறை, அல்லது ஒழுங்கான கண்காணிப்பாளர் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். மூன்றாவது பல்கலைக்கழகம் அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. அதைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. 'இல்லை'யும் இல்லை, 'ஆமா'வும் இல்லை. நிர்வாகம் என்றால் இதுவல்லவா நிர்வாகம் என்று ஆபீசில் எல்லோரிடமும் சொன்னார்.

பங்குனியில் நான்காவது பதில் வந்தது. தெற்கு பிரான்ஸில் ஒரு பல்கலைக்கழகம். இடம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. சேர்க்கைப் பிரிவில் ஆன்-சோஃபி என்றொரு அம்மாள் எழுதியிருந்தார்: வயலின் கிழக்கு மூலையைப் பற்றி நீ எழுதியிருந்ததை எங்கள் பேராசிரியர்கள் எல்லாரும் படித்தார்கள், அந்த மண்ணில் ஒரு பிடி கொண்டுவர முடியுமா என்று கேட்கிறார்கள். கூடவே ஒரு சின்ன நிபந்தனை. உதவித்தொகைக்காகக் குடும்ப வருமானச் சான்று ஒன்று வேண்டும். மே மாதக் கடைசிக்குள் வந்துசேர வேண்டும்.

வருமானச் சான்று என்றதும் தையல்நாயகி சிரித்துவிட்டாள். நம்ம வீட்டு ஆபீஸ்தானே என்று பாயசம் வைத்தாள். ஓகுஸ்தேன் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து, 'ஃபெலிசித்தாசியோன்' என்று பிரெஞ்சில் வாழ்த்தினார்.

தெட்சிணாமூர்த்தி மட்டும் பாயசத்தைத் தொடவில்லை. அவருக்குள் இருந்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நம்ம ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டு யாரும் நேரே வந்து நிற்கக் கூடாது, எல்லாரையும் போல ஆன்லைனில் விண்ணப்பித்து முறைப்படி வர வேண்டும் என்று மகளிடம் சொன்னார். அப்பாவின் நேர்மையில் எழில்மதிக்கும் பெருமைதான். அன்றே விண்ணப்பித்தாள். திரையில் வாசகம் வந்தது: 'உங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்படுகிறது.' இந்தத் தடவை சுத்தத் தமிழில்.

கோப்பு படிப்படியாக ஏறி ஒருநாள் அவர் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் உதவியாளர் ஜெயபிரகாஷ். "சார், நம்ம பாப்பா ஃபைலு" என்று சந்தோஷமாக வைத்தார்.

"ஃபைல்ல பாப்பாவெல்லாம் கிடையாது ஜெயபிரகாஷ். விண்ணப்பதாரர்" என்றார் தெட்சிணாமூர்த்தி.

பேனா மூடியைத் திறந்து, யாரோ ஒருத்தியின் விண்ணப்பத்தைப் படிப்பது போல் வரிவரியாகப் படித்தார். நான்காவது பக்கத்தில் மாட்டியது. விண்ணப்பதாரரின் பிறப்புச் சான்றில் தந்தை பெயரின் கடைசியில் வரும் 'மூர்த்தி'யின் 'மூ'வை ஆங்கிலத்தில் எம்முக்குப் பின் ஓ, யு போட்டு எழுதியிருந்தது. பிரெஞ்சுக்காரன் காரைக்காலுக்குப் பழக்கிவிட்டுப் போன எழுத்து. அதே தந்தையின் சம்பளப் பட்டியலில் இரண்டு ஓ இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். அதனால் என்ன? பாதி ஊரையும் அவர் இதே காரணத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறாரே. சொந்த மகளுக்கு ஒரு நியாயம், காசியம்மாவின் மகளுக்கு ஒரு நியாயமா?

குறிப்பு எழுதினார்: 'விண்ணப்பதாரரின் தந்தை எனச் சொல்லப்படும் ஓ-யு தெட்சிணாமூர்த்தியும், வருமானம் ஈட்டும் இரட்டை-ஓ தெட்சிணாமூர்த்தியும் ஒருவரே என்பதற்குக் கோப்பில் ஆதாரம் காணப்படவில்லை. மேற்படி நபரிடம் விளக்கம் கோரலாம்.'

ஜெயபிரகாஷ் அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி, "சார், அந்த ரெண்டு பேரும் நீங்கதான சார்" என்றார்.

"எனக்குத் தெரியுது. ஃபைலுக்குத் தெரியணுமே."

விளக்கம் கோரும் கடிதம் பதிவுத் தபாலில் தெட்சிணாமூர்த்தியின் வீட்டுக்குப் போனது. பட்டுவாடா செய்ய வந்தபோது பெறுநர் வீட்டில் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து, இன்னும் விளக்கம் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அனுப்பி, ஒரு லீவு நாளில் கையெழுத்துப் போட்டு வாங்கினார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பிரித்துப் படித்தார். "எவ்வளவு தெளிவா கேட்டிருக்கான் பாரு" என்று தையல்நாயகியிடம் காட்டினார். பிறகு, குடிமகன் என்ற முறையில், விளக்கம் தரக் கால அவகாசம் வேண்டி ஒரு மனு எழுதினார். அடுத்த நாள் அலுவலகத்தில் அந்த மனுவை, அதிகாரி என்ற முறையில், அனுதாபத்தோடு பரிசீலித்து அவகாசம் வழங்கினார். இரண்டு தெட்சிணாமூர்த்திகளுக்கும் நடுவில் இவ்வளவு நல்லுறவு இருந்தது.

சித்திரை வெயில் ஏறியது. இப்போது காத்திருப்பது பிரான்ஸின் முறையாயிற்று. ஆன்-சோஃபி வாரத்துக்கொரு மின்னஞ்சல் அனுப்பினார். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம் என்றார். சான்று கிடைத்துவிட்டதா என்றார். உடம்பு சரியில்லையா என்றுகூட ஒருமுறை கேட்டார். ஒரு பல்கலைக்கழகம் விண்ணப்பித்தவளின் பதிலுக்காக மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. காரைக்காலின் புகழ் இப்படியாகக் கடல் கடந்தது.

பொறுக்க முடியாமல் ஓகுஸ்தேன் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கே போனார். இரண்டு பேரும் ஒருவர்தான் என்று தான் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். தெட்சிணாமூர்த்தி எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். ஆனால் சாட்சி இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்று விதியைச் சொன்னார்.

"உன் கல்யாணத்துல உன் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டவன்டா நான்" என்றார் ஓகுஸ்தேன்.

"அதுல பேரு எழுதலீங்களே, முசே" என்றார் தெட்சிணாமூர்த்தி, 'ஐயா'வைப் பிரெஞ்சில் போட்டு.

ஓகுஸ்தேன் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். தாம் உயிரோடு இருப்பதை நிரூபிப்பதே மேல் என்று ரோசலியிடம் சொன்னாராம். ரோசலி அவர் மனைவி.

அன்றைக்குச் சாப்பிடும்போது தையல்நாயகி ரசத்தை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றாள். "ஏங்க, அவ போறதுல உங்களுக்கு இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க."

"இஷ்டமில்லன்னு நான் சொன்னனா?"

"இஷ்டம்னும் சொல்லல."

தெட்சிணாமூர்த்தி ரசத்தைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். அவருக்கு அது ஒரு விண்ணப்பம் மாதிரிதான் பட்டது. ஆனால் கூடத்தில் மகள் வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டியை அவர் கொஞ்ச நாளாகவே சுற்றிக்கொண்டுதான் நடந்தார், அது வழியில் இல்லாதபோதும். சாயந்திரம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் ஓடிவந்து கேட்டைத் திறப்பவள் எழில்மதி. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்படித்தான். அவள் போய்விட்டால் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, தானே இறங்கித் திறக்க வேண்டும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அதையும் அவர் பரிசீலனையில் வைத்தார்.

மே மாதம் முடியும் சமயத்தில் அவருக்குப் புதுச்சேரியில் ஒரு வாரப் பயிற்சி வந்தது. தலைப்பு: 'விரைவான மக்கள் சேவை.' இவர் பெயரைத்தான் ஒருமனதாகப் பரிந்துரைத்திருந்தார்கள். கோப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பத்திரமாகக் கூடவே எடுத்துக்கொண்டு போனார். அங்கே குழு விவாதத்தில் எழுந்து, வேகம் வேறு விரைவு வேறு என்று இவர் பேசியதற்குப் பலத்த கைதட்டல். திரும்பி வந்தபோது அவர் பையில் சால்வை இருந்தது. கெடுவுக்கு ஒரே ஒரு நாள் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் விட்டிருந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் வந்த சத்தம் கேட்டு எழில்மதி வந்தாள். கேட்டைத் திறக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமே நின்றாள்.

"அப்பா, நான் போகக் கூடாதுன்னா போகக் கூடாதுன்னு சொல்லிடுங்க. ரெண்டு யுனிவர்சிட்டி சொல்லிடுச்சு. அன்னிக்கு அழுதேன். மறுநாள் எந்திரிச்சு சாப்பிட்டேன். நீங்க சொன்னாலும் அப்படித்தான், அழுதுட்டு எந்திரிச்சிடுவேன்."

ஹெல்மெட்டுக்குள் தெட்சிணாமூர்த்தியின் உதடு அசைந்தது. சொல்லத்தான் நினைத்தார். போகாதே என்று சொல்ல ஒரு நொடி நினைத்தார். போய்வா என்று சொல்ல அடுத்த நொடி நினைத்தார். ஆனால் வருஷக்கணக்காக ஒரே பாதையில் போன நாக்கு வேறு பக்கம் திரும்ப மறுத்தது.

"பார்க்கலாம்மா" என்றார்.

அவள் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கெடு நாள் வந்தது, போனது. சனியும் ஞாயிறும் வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. கெடு நாள் சாயந்திரம் எழில்மதி யாருடனோ மாடியில் நின்று ஆங்கிலத்தில் போன் பேசியது மட்டும் அவர் காதில் விழுந்திருந்தது. என்ன பேசினாள் என்று அவர் கேட்கவில்லை; தையல்நாயகி தெரிந்தும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை தெட்சிணாமூர்த்தி ஆபீஸ் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றார். இப்படி நடந்ததே இல்லை என்று காவலாளி அப்புறம் எல்லோரிடமும் சொன்னார். பீரோவைத் திறந்தார். 'மேற்படி இருவரும் ஒருவரே எனத் தெரியவருகிறது' என்று எழுதினார். அவர் சர்வீஸில் ஒரு விஷயம் தெரியவந்தது அதுதான் முதல் தடவை. மேலதிகாரியின் அறைக்குத் தானே நடந்துபோய்க் கையெழுத்து வாங்கினார். தானே முத்திரை குத்தினார். ஜெயபிரகாஷ் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுனாமியைப் பார்த்த ஊர் அது, ஆனாலும் இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். முத்திரை மை காயாத அந்தக் காகிதத்தைக் கவரில் போட்டு, இரண்டு கையாலும் மகளிடம் நீட்டினார். எழில்மதி கூடத்தில் உட்கார்ந்து, கிழக்கு மூலை மண்ணை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"சான்று வந்தாச்சும்மா."

"வேணாம்பா. அவங்க வேணாம்னுட்டாங்க."

தெட்சிணாமூர்த்தி அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "சீட்டு போச்சா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்தது துக்கமா, நிம்மதியா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றே என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

"சீட்டு இருக்கு, உதவித்தொகையும் இருக்கு. சான்றுதான் வேணாமாம். நான் எழுதிக் கொடுத்தா போதுமாம்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகள் போகப்போகிறாள் என்பதுகூட ஒரு கணம் பின்னால் போய்விட்டது. ஒரு பல்கலைக்கழகம், ஒரு வெளிநாட்டு அரசாங்கத்தின் காசை, ஒருத்தியின் வாய் வார்த்தையை நம்பிக் கொடுப்பதா? நிர்வாகம் என்று அங்கே ஏதாவது இருக்கிறதா, இல்லையா?

"ஒரு விசாரணைகூட இல்லாமலா?" என்றார்.

எழில்மதி டப்பா மூடியை இறுக்கித் திருகிவிட்டு நிமிர்ந்தாள்.

"விசாரிச்சாங்கப்பா. இவ்வளவு இழுத்தடிக்கிறானே, அந்த அதிகாரிய உங்கப்பா ஒரு தடவ நேர்ல பார்த்துப் பேசக் கூடாதான்னு ஆன்-சோஃபி அம்மா கேட்டாங்க. தினமும் ஷேவ் பண்றப்போ பார்க்கிறார்னு சொன்னேன். அப்புறம் சொன்னாங்க, 'வேற எந்தச் சான்றும் வேணாம், நீ முதல்ல அங்கேருந்து கிளம்பி வா.'"